பின்னிப் பார், பிரித்துப் பார்: குரோஷா கேள்வி – பதில்

புதிய பின்னல் முறைகளைப் பழகிக்கொண்டே வகுப்பும் எடுக்கத் தொடங்கியிருக்கும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். குரோஷா என்பது கொக்கி ஊசியால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னுவது; அப்படிப் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி. பின்னல்களின் பெயர்களை அமெரிக்க வழக்கில் தந்திருக்கிறோம்; பெயர் வழக்கு மாறுவதால் வரும் குழப்பம் பற்றியும் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

கேள்வி: புதிய முறைகளைக் காணொளி பார்த்துப் பின்னிப் பார்க்கிறேன். கைக்கு நன்றாகவே வருகிறது. எந்தக் கட்டத்தில் அதைப் பிறருக்குச் சொல்லித் தரலாம்?

கைக்கு வந்தால் மட்டும் போதாது. அது எப்படியெல்லாம் கெடும் என்று தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் ஒருவர் கோணல்மாணலான துண்டை உங்கள் முன் நீட்டுவார். பார்த்த மாத்திரத்தில் "மூன்றாம் வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டீர்கள்" என்று சொல்ல முடிந்தால், நீங்கள் தயார்.

அதற்கு வழி, தவறுகளை வேண்டுமென்றே செய்து பார்ப்பது. 20 கண்ணி அகலத்தில் ஒரு மாதிரித் துண்டு போடுங்கள். அடுத்த துண்டில் ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை விடுங்கள். இன்னொன்றில் கடைசிக் கண்ணியை. இன்னொன்றில் ஊசியில் நூல் சுற்றுவதைத் தலைகீழாகச் செய்யுங்கள். நான்கு துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தத் தவறு எந்த வடிவத்தில் வெளிப்படுகிறது என்பது கண்ணில் பதியும். இந்தத் துண்டுகளைப் பிரித்துவிடாதீர்கள். வகுப்பில் காட்டுவதற்கு இவற்றைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது.

சோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஊசியையும் நூலையும் சேர்த்து மாற்றினால், துணி விறைப்பானது எதனால் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டிலும் நூலின் முனையை நீளமாக விட்டு, ஊசி 4 மி.மீ. என்றால் நாலு முடிச்சு, 5 மி.மீ. என்றால் ஐந்து முடிச்சு போட்டுவிடுங்கள். காகிதச் சீட்டு தொலைந்துபோகும், முடிச்சு தொலையாது.

நேரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பேசாமல் பின்னினால் ஒரு வரிசைக்கு 3 நிமிடம் ஆகிறது என்றால், கற்பவருக்கு 9 முதல் 12 நிமிடம் ஒதுக்குங்கள். இதைக் குறைத்துக் கணக்குப் போடுவதால்தான் பல வகுப்புகள் பாதியில் நிற்கின்றன.

கேள்வி: இரண்டு மணி நேர அறிமுக வகுப்பு நடத்துகிறேன். பாதிப் பேர் முதலில் வளையங்களைக் கோத்துப் போடும் அடிச் சங்கிலியிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு வரிசைகூட முடியாமல் வீட்டுக்குப் போகிறார்கள். என்ன மாற்ற வேண்டும்?

சொல்லித் தரும் ஒழுங்கை மாற்றுங்கள். குரோஷாவில் முதலில் செய்யும் வேலைதான் மிகக் கடினமான வேலை. பிடிமானமே இல்லாத ஒரு சங்கிலி, அது முறுக்கிக்கொள்ளும். ஊசியை எங்கே நுழைப்பது என்று தெரியாது. இடக்கையால் எதைப் பிடிப்பது என்றும் தெரியாது. ஐந்தாவது வரிசைக்கு வந்துவிட்டால் கையில் பிடிக்க ஒரு துணி இருக்கும். ஆகவே நடுவிலிருந்து தொடங்குங்கள். ஆளுக்கு ஒரு துண்டு, 15 கண்ணி அகலம், சிங்கிள் குரோஷா என்னும் குட்டையான அடிப்படைக் கண்ணியில் 4 வரிசை முன்கூட்டியே போட்டு, ஊசியோடு கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் ஐந்தாம் வரிசையில் ஆரம்பிக்கட்டும்.

120 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஊசியும் நூலும் பிடிக்க 10, தயார்த் துண்டில் பின்ன 35, கைக்கு ஓய்வு 10, பிறகு சங்கிலி 25, சொந்தமாக அடியிலிருந்து ஒரு துண்டு 30, நூலை அறுத்து முடிக்க 10. சங்கிலிக்கு வரும்போது கை ஏற்கெனவே பழகியிருக்கும். முதலில் 25 நிமிடத்தில் வராத சங்கிலி இப்போது பெரும்பாலும் பத்தில் வந்துவிடும்.

அப்போதும் சங்கிலி இறுகுகிறதா? ஊசியின் எந்த இடத்தில் வளையம் உட்காருகிறது என்று பாருங்கள். கொக்கிக்குக் கீழே கழுத்துபோல் ஒடுங்கிய பகுதி சில ஊசிகளில் உண்டு. புதியவர்கள் அந்த ஒடுக்கத்திலேயே வளையத்தை இழுத்துக்கொள்வார்கள். வளையம் முழுத் தடிமனான தண்டுக்கு வந்த பிறகுதான் அடுத்ததைப் போட வேண்டும். அதற்கும் அடங்காத கைக்குச் சங்கிலியை மட்டும் அரை அல்லது ஒரு மி.மீ. பெரிய ஊசியில் போடச் சொல்லுங்கள்.

நூல் விஷயத்தில் சமரசம் வேண்டாம். வெளிர் நிறம், வழவழப்பு, இறுக்கமாக முறுக்கிய இழை, நடுத்தரத் தடிமன், 5 மி.மீ. ஊசி. கறுப்பும் கருநீலமும் கண்ணியைக் காட்டாது. பஞ்சுபோல் முடி எழும் நூல் பிரித்தால் சிக்கிக்கொள்ளும். முறுக்கு தளர்ந்த நூலில் ஊசி இழையைப் பிளந்துகொண்டு போகும். அழகான நூலைக் கொடுத்து ஆசை காட்ட வேண்டும் என்று தோன்றும். அதை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சதுரமாகத் தொடங்கி முக்கோணமாக முடிவது, ஓரக் கண்ணிகள் தொலைவதால். சிங்கிள் குரோஷாவில் அடுத்த வரிசைக்குத் திரும்ப 1 செயின், அதாவது ஒரு சங்கிலிக் கண்ணி. அதைக் கண்ணியாக எண்ணுவதில்லை, முதல் கண்ணியிலேயே ஊசி போட வேண்டும். அதைவிட உயரமான கண்ணியான டபுள் குரோஷாவில் திரும்ப 3 செயின். அதுவே முதல் கண்ணி, ஆகவே இரண்டாவதில் தொடங்கி, வரிசையின் முடிவில் முந்தைய 3 செயினின் தலையிலும் ஒன்று போட வேண்டும். இரண்டும் நேர்மாறான விதிகள் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் ஊக்கு மாட்டினால் ஓரம் நேராக நிற்கும்.

ஒரு ஆசிரியருக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் 120 நிமிடத்தில் ஆளுக்கு 15 நிமிடம்தான். பொதுவாகப் பேசும் நேரம் போனால் பத்துக்கும் குறைவு.

கேள்வி: துனீசியன் குரோஷா பழகி வருகிறேன். துண்டு பாயைப் போல் சுருண்டுகொள்கிறது, ஓரமும் ஒழுங்காக இல்லை. இதைச் சரிசெய்து அடுத்த வகுப்பாக வைக்க ஆசை. வழி சொல்லுங்கள்.

நல்ல தேர்வு. சாதாரணக் குரோஷா தெரிந்தவருக்கு இது புதிதாகவும் இருக்கும், எட்டாத உயரத்திலும் இருக்காது.

இந்தப் பின்னலில் துணியைத் திருப்புவதே இல்லை. ஒரு வரிசை என்பது போக்கும் வரவும். போகும்போது ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு வளையம் இழுத்து ஊசியிலேயே வைத்துக்கொண்டு போகிறோம். வரும்போது முதலில் 1 செயின், பிறகு நூல் சுற்றி இரண்டிரண்டு வளையமாக இழுத்து, கடைசியில் ஊசியில் ஒன்று மிஞ்சும். முன்பக்கம் நெட்டுக் கம்பிகள்போல் தெரியும். பின்பக்கம் குறுக்கு மேடுகளாகத் திரளும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால்தான் சுருள்கிறது. அது உங்கள் கையின் குறை இல்லை, துணியின் இயல்பு. குறைக்கலாம், அடியோடு போகாது.

முதல் மருந்து பெரிய ஊசி. நூலுக்குச் சாதாரணமாகப் போடும் அளவைவிட 1 முதல் 2 மி.மீ. கூடுதலாக எடுங்கள். 4 மி.மீ. ஊசியில் பின்னும் நூலுக்கு 5.5 அல்லது 6. அடுத்து, அடிச் சங்கிலியில் மேல் வளையங்களை விட்டுவிட்டு, பின்புறம் இருக்கும் சிறு மேட்டில் முதல் வரிசையை எடுங்கள். அதற்கு மேலும் சுருண்டால் முதல் இரண்டு வரிசையைப் பர்ல் கண்ணியில் போடுங்கள். நூலை முன்னால் கொண்டுவந்து எடுக்கும் கண்ணி அது. மேடு முன்பக்கம் வருவதால் அடிப்பகுதி எதிர்த் திசையில் இழுபட்டு நேராகும். வரும் நடையை இறுக்கிப் பிடிப்பவர்கள் அதிகம். அங்கே கையைத் தளர்த்தினாலே பாதிச் சுருள் குறைந்துவிடும். முடித்த பிறகு, கம்பளி நூல் என்றால் நனைத்து, குண்டூசி குத்தி, இழுத்துக் காயவைத்தால் அடங்கும். அக்ரிலிக் நூலுக்கு ஆவி காட்டலாம், ஆனால் இஸ்திரிப் பெட்டி துணியில் படவே கூடாது. பட்டால் இழை உருகிச் சோர்ந்துபோகும், பழைய நிலைக்குத் திரும்பாது.

ஓரத்தைப் பற்றி. வலது ஓரத்தின் முதல் நெட்டுக் கம்பியில் ஊசி போடக் கூடாது. வரவு முடிந்து ஊசியில் மிஞ்சியிருக்கும் ஒற்றை வளையம்தான் அந்தக் கண்ணி. அதில் போட்டால் வரிசைக்கு ஒன்று கூடும். இடது ஓரத்தில் கடைசிக் கண்ணிக்கு ஒரு இழையை மட்டும் எடுத்தால் ஓரம் தொளதொளவென்று ஆகும். அங்கே அடுத்தடுத்து நிற்கும் இரண்டு இழைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும். திரும்பும்போது போடும் 1 செயினை மறந்தால் இடது ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த மூன்றும் போதும், கேட்கப்படும் ஓரக் கேள்விகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும். போகும் நடை முடிந்ததும் ஊசியில் இருக்கும் வளையங்களை எண்ணும் பழக்கத்தை முதல் வரிசையிலிருந்தே ஏற்படுத்துங்கள். எல்லாம் ஊசியிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும். எண்ணுவதற்கு இதைவிட வசதியான பின்னல் இல்லை.

வகுப்புக்கென்று ஒரு உத்தி: இரண்டு நிற நூலில் கற்றுக்கொடுங்கள். போகும் நடை வெள்ளை, அதன் வரவு நீலம். அடுத்த வரிசையில் போவது நீலம், வரவு வெள்ளை. நிறம் மாற்றுவது எப்போதும் இடது ஓரத்தில்தான், ஆகவே நூலை அறுக்கவே வேண்டாம். ஒவ்வொரு வரிசையிலும் நெட்டுக் கம்பி ஒரு நிறம், குறுக்கே ஓடுவது வேறு நிறம். எதற்குள் ஊசி போக வேண்டும் என்று நீங்கள் விரலால் காட்ட வேண்டிய தேவையே இருக்காது.

ஒரு வரிசையின் எல்லா வளையங்களையும் தாங்கும் நீள ஊசி எல்லாரிடமும் இருக்காது. கைப்பிடி பருத்திராத, விரல் வைக்கப் பள்ளமும் இல்லாத, ஒரே தடிமனான சாதாரண ஊசியில் 15 கண்ணி தாராளமாக நிற்கும். மறுமுனையில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் வளையம் வழுக்கி விழாது. முதல் வகுப்புக்கு அந்த அகலமே போதும்.

கேள்வி: ஒரே மாதிரிக் குறிப்பைப் பார்த்து இரண்டு மாணவிகள் பின்னினார்கள். ஒருவருடையது மற்றதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரம். எங்கே தவறு?

பெயரில். அமெரிக்கர் சிங்கிள் குரோஷா என்பதைப் பிரிட்டிஷார் டபுள் குரோஷா என்கிறார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டிஷில் டிரெபிள். அமெரிக்க டிரெபிள், அங்கே டபுள் டிரெபிள். குறிப்பில் எங்காவது சிங்கிள் குரோஷா என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க வழக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கைப்பிரதியின் முதல் வரியிலேயே எந்த வழக்கு என்று எழுதிவிடுங்கள். இன்னும் நல்லது, படக்குறியீடு: சிங்கிளுக்குக் கூட்டல் குறி அல்லது பெருக்கல் குறி, சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரமுள்ள ஹாஃப் டபுளுக்கு வெறும் ஆங்கில டி (T) வடிவம், டபுளுக்கு அதன் தண்டில் ஒரு கோடு, டபுளைவிட உயரமான டிரெபிளுக்கு இரண்டு கோடு. இரண்டு வழக்கினருக்கும் குறியீடு ஒன்றுதான்.

கேள்வி: நிறங்கள் கலந்து பின்னும் வகுப்பு தொடங்க எண்ணம். டேப்பஸ்ட்ரி, மொசைக் இரண்டில் எதை முதலில் வைப்பது? டேப்பஸ்ட்ரியில் நான் போட்ட உருவம் வேறு சாய்ந்துவிட்டது.

மொசைக்கை முதலில் வையுங்கள். தயக்கம் வேண்டாம்.

டேப்பஸ்ட்ரியில் ஒரே வரிசைக்குள் இரண்டு நூல் ஓடும். ஓய்வில் இருக்கும் நூலைக் கண்ணிகளுக்குள்ளேயே மறைத்துக் கொண்டுபோக வேண்டும். அதை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கும், தளர விட்டால் வெளியே எட்டிப் பார்க்கும். நிறம் மாற்றுவதும் புதிய கண்ணியில் இல்லை. முந்தைய கண்ணியின் கடைசி இழுப்பைப் புதிய நிறத்தால் முடிக்க வேண்டும். ஒரு கண்ணி தாமதித்தாலும் பழைய நிறம் அடுத்த கண்ணியின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். ஊசிப் பிடியே இன்னும் சரியாகப் படியாதவருக்கு இது பெரிய பாரம்.

சாய்வுக்குக் காரணம் இது: சுற்றிச் சுற்றி ஒரே திசையில் பின்னும்போது வலக்கைக்காரரின் சிங்கிள் குரோஷா ஒவ்வொரு சுற்றிலும் சற்று வலப்பக்கம் நகர்ந்து உட்காரும். சில சுற்றுகளில் தெரியாது. உயரம் கூடக் கூட உருவம் சாய்ந்து நிற்கும். கண்ணியின் தலையில் உள்ள இரண்டு வளையங்களில் பின் வளையத்தில் மட்டும் பின்னிப் பாருங்கள், அல்லது கண்ணியின் நடுவே தெரியும் வி வடிவத்துக்குள் ஊசி போட்டுப் பின்னுங்கள். இரண்டாவது வழியில் கை தளர்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசியே நுழையாது. இரண்டும் ஒத்துவரவில்லையா, சாய்ந்தாலும் கெடாத உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். சாய்கோடுகளும் முக்கோணங்களும் எழுத்துகளைவிடப் பிழைத்துக்கொள்ளும்.

மொசைக்கில் ஒரு வரிசைக்கு ஒரே நிறம். ஒரு நிறத்தில் இரண்டு வரிசை, அடுத்த நிறத்தில் இரண்டு வரிசை. நூல் ஓரத்தோடு மேலே ஏறும், அறுக்க வேண்டாம். வெள்ளை வரிசைகளுக்கு மேல் நீலம் வரும்போது, குறிப்பிட்ட இடங்களில் வெள்ளைக் கண்ணியைத் தாண்டிச் செயின் போட்டுவிடுகிறோம். மறுபடி வெள்ளை வரும்போது, அந்தச் செயினுக்கு முன்புறமாக இறங்கி, விட்டுவைத்த வெள்ளைக் கண்ணியில் டபுள் குரோஷா போடுகிறோம். நீலப் பட்டையை வெள்ளை குறுக்கே கடந்ததுபோல் தெரியும். தெரிந்திருக்க வேண்டியது சிங்கிள், டபுள், செயின் மட்டுமே.

கெடுவதும் இரண்டே இடத்தில். செயினுக்குப் பின்னால் டபுளைப் போட்டால் அது மறைந்துவிடும், உருவமே வராது. கீழே இறங்கிப் போடும் டபுளுக்கு வளையத்தை உயரமாக இழுக்காவிட்டால் துணி அந்த இடத்தில் சுருங்கிக் குழி விழும். வளையம் இப்போது பின்னும் வரிசையின் உயரத்துக்கு வந்த பிறகே மேற்கொண்டு முடிக்கச் சொல்லுங்கள். வெளிரும் அழுத்தமும் கலந்த இரு நிறங்களாக எடுங்கள். நிறம் வேறாக இருந்து அழுத்தம் ஒன்றாக இருந்தால் உருவம் எழாது. சந்தேகம் வந்தால் இரண்டு நூலுருண்டையையும் பக்கத்தில் வைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பாருங்கள். ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

கேள்வி: ஆளுக்கு எவ்வளவு நூல் வாங்குவது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

எடை போடுங்கள். 10-க்கு 10 செ.மீ. மாதிரித் துண்டு 6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். செய்யப்போகும் பொருள் 20-க்கு 25 செ.மீ. பரப்பில் ஐந்து மடங்கு, ஆக 30 கிராம். இது உங்கள் கைக்கு. தளர்வாகப் பின்னுபவர், ஒத்திகைத் துண்டு, அறுத்த முனைகள் எல்லாவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு சேர்த்து 40 கிராம். 50 கிராம் உருண்டை நிம்மதியாகப் போதும்.

1 கிராமுக்குக் குறைவான அளவைக் காட்டாத தராசில் 6 கிராம் துண்டை நிறுத்தால் பிழை பெரிதாகும். அதற்குப் பதில், பின்னத் தொடங்கும் முன் உருண்டையை நிறுத்து, பத்து இருபது வரிசை போட்டபின் மறுபடி நிறுத்துக் கழியுங்கள். இரண்டு நிறமானால் ஒவ்வொரு உருண்டையையும் தனித்தனியாக. எல்லாருக்கும் ஒரே சாயத் தொகுப்பு எண் உள்ள நூலாக வாங்க வேண்டிய அவசியம் இல்லை; ஒருவரின் பொருளுக்குள் அது மாறாமல் இருந்தால் சரி.

கேள்வி: வகுப்பில் ஒருவருக்கு இடக்கைப் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் குழம்புகிறார்.

எதிரில் உட்காருங்கள். உங்கள் வலக்கை அவருக்குக் கண்ணாடியில் தெரியும் இடக்கையாகிவிடும், அப்படியே பார்த்துச் செய்யலாம். அவர் வரிசை இடமிருந்து வலமாகப் போகும். பதிவு செய்த காணொளி இருந்தால் பக்கவாட்டில் திருப்பிக் கொடுங்கள். நிறப்பின்னல் கட்டத்தாளில் எழுத்து இருந்தால் அவருக்கு மட்டும் தாளையும் திருப்பி அச்சிட வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து தலைமாறிப் போகும். வலக்கைக்கு மாறச் சொல்ல வேண்டாம். தேவையே இல்லாத சிரமம் அது.

கேள்வி: பொம்மை வகுப்பில் வட்டத்தைத் தொடங்க, முனையை இழுத்தால் இறுகும் நூல் வளையமான மேஜிக் ரிங் போட்டோம். சில நாளில் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது என்கிறார்கள். வட்டமும் சிலருக்கு அறுகோணமாகிறது.

மேஜிக் ரிங்கை இழுத்துப் பிடித்திருப்பது அந்தச் சிறு முனைதான். இழுத்ததும் ஒட்ட நறுக்கினால் மெல்ல அவிழும். 15 செ.மீ. விடுங்கள். தையல் ஊசியில் கோத்து வளையத்தைச் சுற்றி ஒரு முறை, பிறகு எதிர்த் திசையில் திரும்பி ஒரு முறை, இழைகளைக் குத்திக்கொண்டு போகுமாறு தைத்த பிறகே நறுக்க வேண்டும். வழுக்கும் நூலுக்கு இன்னொரு சுற்று. புதியவர்களுக்கு 2 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் 6 சிங்கிள் போடும் முறையே போதும். மிகச் சிறிய துளைதான் இருக்கும், அவிழாது.

தட்டை வட்டத்துக்குச் சிங்கிள் என்றால் சுற்றுக்கு 6 கூட வேண்டும்: 6, 12, 18, 24. டபுள் என்றால் 12: 12, 24, 36. குறைவாகக் கூட்டினால் கிண்ணமாகக் குவியும், அதிகமானால் ஓரம் அலையலையாக மடியும். எண்ணிக்கை சரியாக இருந்தும் அறுகோணமாவது, கூட்டும் இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று அமைவதால். ஒரு சுற்றில் கூட்டலோடு தொடங்கினால், அடுத்த சுற்றில் சில கண்ணி தள்ளித் தொடங்குங்கள்.

கேள்வி: வேகமாக முடிப்பவரும் திணறுபவரும் ஒரே மேசையில். இருவரையும் எப்படிச் சமாளிப்பது?

ஒரே பொருளுக்கு மூன்று முடிவிடம் வையுங்கள். உதாரணமாக ஒரு பட்டை: 10 வரிசை போட்டால் புத்தக அடையாளம், ஓரம் கட்டினால் கைப்பட்டை, மடித்துத் தைத்தால் சிறு பை. பத்தாம் வரிசையில் நிற்பவரும் முடித்த பொருளோடுதான் போவார். வேகமானவருக்கு வேறு பாடம் தொடங்கிவிடாதீர்கள். உங்கள் கவனம் இரண்டாகப் பிரியும், திணறுபவர் கைவிடப்படுவார்.

பின்னலின் ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திய துண்டுகளை ஊசி ஏற்றியபடியே மேசை நடுவில் வரிசையாக வையுங்கள். தன் துண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று அவரவரே ஒப்பிட்டுக்கொள்வார். ஒருவரின் பின்னலைச் சரிசெய்யும்போது நீங்களே வாங்கிப் பின்னி முடித்துக் கொடுக்காதீர்கள். தவறான கண்ணிவரை பிரித்து, ஊக்கு மாட்டி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.